அம்மாவில் 'அ' எங்கே?

ஜாவா தெரிந்த யாராவது வீட்டில் இருந்தால் இதைச் செய்து காட்டச் சொல்லுங்கள். எழுத்தோடு எழுத்து ஒட்டிச் சொல் கட்டுவதற்கு ஜாவாவில் ஸ்டிரிங்பில்டர் என்றொரு சாமான் இருக்கிறது. புதிதாக ஒரு ஸ்டிரிங்பில்டரை உண்டாக்கும்போதே அடைப்புக்குறிக்குள், ஒற்றை மேற்கோள் போட்டு, 'அ' என்று கொடுக்க வேண்டும். அதன் பின்னால் "ம்மா" என்பதை ஒட்ட வேண்டும். பிறகு திரையில் காட்டச் சொல்ல வேண்டும்.

"அம்மா" வராது. "ம்மா" என்று மட்டும் வரும், தொழுவத்தில் மாடு கத்துகிற மாதிரி. பிழைச்செய்தி ஒன்றும் இருக்காது. நிரல் ஒழுங்காக ஓடி ஒழுங்காக முடிந்திருக்கும். அ மட்டும் காணாமல் போயிருக்கும்.

அதைத் தேடுவதற்கு முன்னால் 'போடு' என்ற சொல்லைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். இந்த ஒரு வினையை வைத்துக்கொண்டு தமிழில் ஒரு நாளையே ஓட்டிவிடலாம். காலையில் கோலம் போடுகிறோம், காபி போடுகிறோம், சட்டை போடுகிறோம், வண்டிக்குப் பெட்ரோல் போடுகிறோம். ஆபீசில் கையெழுத்துப் போடுகிறோம், லீவு போடுகிறோம். வீட்டுக்கு வந்து சண்டை போடுகிறோம், ராத்திரி ஃபேனைப் போட்டுவிட்டுப் படுக்கிறோம். இத்தனை 'போடு'களுக்கும் பொதுவான ஒரே செயல் எது என்று கேட்டால் பதில் கிடையாது. கோலம் போடுகிற விரலுக்கும் லீவு போடுகிற விரலுக்கும் வேலை வேறு. முன்னால் நிற்கும் பெயர்தான் இது எந்தப் 'போடு' என்று தீர்மானிக்கிறது. கேட்பவர் யாரும் குழம்புவதில்லை.

நிரல் எழுதுபவர்களும் இதையேதான் செய்கிறார்கள். ஒரே பெயரில் பல மெத்தட்களை, அதாவது ஆளுக்கொரு வேலை செய்யும் நிரல்துண்டுகளை, எழுதிவைக்கிறார்கள். அடைப்புக்குறிக்குள் எண் வந்தால் ஒன்று ஓடும், சொல் வந்தால் இன்னொன்று ஓடும். இதற்கு மெத்தட் ஓவர்லோடிங் என்று பெயர். நம் தமிழ்வழிப் பாடநூல்கள் பணிமிகுப்பு என்கின்றன. எனக்கு அந்த ஆங்கிலப் பெயரின் மேலேயே ஒரு மனத்தாங்கல் உண்டு. ஓவர்லோடு என்றதும் வைக்கோல் ஏற்றிக்கொண்டு ரோட்டை அடைத்து வரும் லாரிதான் கண்ணில் தெரிகிறது. உண்மையில் இங்கே எந்த மெத்தட்டுக்கும் பணி மிகவில்லை. ஒவ்வொன்றும் தன் ஒரே வேலையைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கிறது. பாரம் முழுக்க அந்தப் பெயரின் மேல். எழுதிய நிரலைக் கணினியின் கட்டளைகளாக மாற்றித் தரும் கம்பைலர் என்ற மென்பொருளின் மேலும்தான், பெயரைப் பார்த்து ஆளைக் கண்டுபிடிக்க வேண்டியது அது.

இந்தப் பாரத்தை முதலில் சுமந்தது கூட்டல் குறி.

இரண்டும் இரண்டும் நான்கு என்பதும், 2.5-உம் 1.5-உம் நான்கு என்பதும் நமக்கு ஒரே கூட்டல். கணினிக்கு அப்படி இல்லை. இன்றைய கணினியில் 1 என்ற முழு எண்ணை 32 இடங்களில் எழுதினால் முப்பத்தொரு பூஜ்யங்களும் கடைசியில் ஓர் ஒன்றும் இருக்கும். 1.0 என்ற தசம எண்ணை அதே 32 இடங்களில் எழுதும் முறையே வேறு. அந்தப் பூஜ்யம்-ஒன்று வரிசையைத் தவறுதலாக முழு எண் என்று நினைத்துப் படித்தால் 1,06,53,53,216 என்று வரும். ஒன்று நூற்றாறு கோடியாகிவிடும். அதனால் முழு எண்ணைக் கூட்ட ஒரு கட்டளை, தசம எண்ணைக் கூட்ட வேறொரு கட்டளை என்று கணினிக்குள் தனித்தனியாக வைத்திருக்கிறார்கள்.

1957-இல் ஜான் பேக்கஸ் குழுவினர் ஐபிஎம் 704 கணினிக்காக ஃபோர்ட்ரான் மொழியைக் கொண்டுவந்தபோது இரண்டு கட்டளைக்கும் ஒரே '+' குறியைத்தான் கொடுத்தார்கள். எதைப் பயன்படுத்துவது என்று கம்பைலர் பார்த்துக்கொள்ளும். எப்படிப் பார்க்கும்? பெயரின் முதல் எழுத்தை வைத்து. ஆங்கிலத்தில் ஐ முதல் என் வரையுள்ள ஆறு எழுத்துகளில் ஒன்றில் தொடங்கினால் அது முழு எண், மற்றவை தசம எண். கம்பைலர் பெட்டியைத் திறந்து பார்ப்பதில்லை, மேலே ஒட்டியிருக்கும் சீட்டைப் படிக்கிறது. இந்தச் சீட்டு சமாசாரத்தை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வரும்.

கூட்டலுக்குக் கிடைத்த இந்தச் சலுகை மற்றவற்றுக்குக் கிடைக்கவில்லை. ஓர் எண்ணின் கழித்தல் குறியை நீக்கித் தரும் சின்ன வேலையை எடுத்துக்கொள்வோம். அந்த முதல் ஃபோர்ட்ரானில் தசம எண்ணுக்கு ஏபிஎஸ்எஃப், முழு எண்ணுக்கு எக்ஸ்ஏபிஎஸ்எஃப். அடுத்து வந்த பதிப்புகளில் ஏபிஎஸ், ஐஏபிஎஸ், டிஏபிஎஸ். சி மொழியில் ஏபிஎஸ், எல்ஏபிஎஸ், எஃப்ஏபிஎஸ். வேலை ஒன்று, ஆளுக்கு ஓர் இனிஷியல். மறந்துபோய் சி மொழியின் ஏபிஎஸ்ஸிடம் -0.75-ஐக் கொடுத்தால் 0.75 வராது. அதற்கு முழு எண் மட்டும்தான் தெரியும் என்பதால் தசமத்தை வெட்டிவிட்டு 0 என்று திருப்பித் தரும். பெயரை மனிதன் நினைவில் வைத்திருக்க வேண்டும் என்றால் மனிதன் மறப்பான்.

இந்த விஷயத்தை முறையாக வகை பிரித்தவர் கிறிஸ்டபர் ஸ்ட்ரேச்சி என்ற ஆங்கிலேயர். 1952-லேயே மான்செஸ்டர் பல்கலைக்கழகக் கணினியைக் காதல் கடிதம் எழுத வைத்தவர் அவர். 1967-இல் கோபன்ஹேகனில் நடந்த ஒரு கோடைப் பள்ளியில் நிரல்மொழிகளின் அடிப்படைகளைப் பற்றி விரிவுரை நடத்தினார். ஒரு பெயர் பல வகைகளுக்குப் பொருந்துவதில் இரண்டு தினுசு உண்டு என்றார். பட்டியலின் நீளத்தை அளப்பது ஒரு தினுசு. உள்ளே இருப்பது எண்ணா, பெயரா, கத்தரிக்காயா என்ற கவலை அதற்கு இல்லை. ஒரே வழிமுறை எல்லாவற்றுக்கும் ஓடும். '+' இன்னொரு தினுசு. அதற்குப் பின்னால் பொதுவான வழிமுறை எதுவும் கிடையாது, வகைக்கு ஒன்றாகத் தனித்தனி ஏற்பாடு. 'போடு' இந்த இரண்டாம் தினுசு. அந்த விரிவுரைக் குறிப்புகள் வெகுகாலம் கைப்பிரதியாகவே கைமாறிக்கொண்டிருந்தன. ஆய்விதழில் அச்சேறியது 2000-இல், அவர் இறந்து 25 ஆண்டுகள் கழித்து.

கூட்டல் குறியின் சலுகையைச் சாதாரணப் பெயர்களுக்கும் வாங்கிக்கொடுத்த மொழிகள் சில உண்டு. அவற்றில் நம் கல்லூரிகள் வரை வந்து சேர்ந்தது சி++. பெல் ஆய்வகத்தில் பியார்னே ஸ்ட்ரூஸ்ட்ரூப் உருவாக்கியது. 1985-இல் வெளிவந்தபோது, ஒரே பெயரைப் பல பேருக்கு வைப்பதாக இருந்தால் ஓவர்லோட் என்ற சொல்லை முன்கூட்டியே எழுதி அறிவிக்க வேண்டும் என்று விதி இருந்தது. தெருவில் பந்தல் போடுவதற்கு முன் அனுமதி வாங்குவது மாதிரி. 1989-இல் வந்த 2.0 பதிப்பில் அந்த அனுமதி முறை எடுக்கப்பட்டுவிட்டது. யாரும் யாரையும் கேட்காமல் ஒரே பெயரை வைத்துக்கொள்ளலாம்.

ஆனால் ஒரு முட்டுக்கட்டை இருந்தது. கம்பைலர் தன் வேலையை முடித்த பிறகு, துண்டு துண்டாக இருக்கும் நிரல்களைக் கோத்து ஒன்றாக்குவது லிங்கர் என்ற இன்னொரு மென்பொருள். அது பழைய காலத்து ஆள். அதற்கு எண்ணும் தெரியாது, தசமமும் தெரியாது, பெயர் மட்டும்தான் தெரியும். ஒரே பெயரில் இரண்டு பேர் வந்தால் திணறிப்போகும். லிங்கரை மாற்ற முடியாததால் பெயரையே மாற்றிவிட்டார்கள், எழுதியவருக்குத் தெரியாமல்.

நீங்கள் பிரின்ட் என்று பெயர் வைத்து, முழு எண்ணுக்கு ஒன்றும் தசம எண்ணுக்கு ஒன்றுமாக இரண்டு எழுதுகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்றைய ஜிசிசி கம்பைலர் அவற்றை உள்ளே எப்படிப் பதிகிறது தெரியுமா? முதலில் ஓர் அடிக்கோடு. பிறகு இசட் என்ற எழுத்து. பிறகு 5, ஆங்கிலத்தில் பிரின்ட்டுக்கு ஐந்து எழுத்து என்பதால். பிறகு பிரின்ட். கடைசியில் முழு எண்ணுக்கானதற்கு 'ஐ', தசமத்துக்கானதற்கு 'டி'. அதாவது சி மொழிக்காரர்கள் ஏபிஎஸ்ஸுக்கு முன்னால் கையால் ஒட்டிய இனிஷியலைத்தான் கம்பைலர் இப்போது பின்னால் ஒட்டுகிறது. ஒரே பெயர் என்பது நமக்காகக் கட்டிய ஒரு திரை. அதற்குப் பின்னால் கணினிக்குள் ஒரே பெயருடைய இரண்டு பேர் ஒருபோதும் இருந்ததில்லை.

ஜாவாவிலும் இதே கதைதான். கம்பைலான கோப்பைத் திறந்து பார்த்தால் ஒவ்வொரு மெத்தட் பெயருக்கும் பின்னால் அது எதை வாங்கும் என்ற குறிப்பு ஒட்டியிருக்கும். முழு எண்ணுக்கு ஐ, தசமத்துக்கு டி. லாங் என்ற நீள எண்ணுக்கு எல் இருக்கும் என்று நினைப்போம். இல்லை, ஜே. எல் ஏற்கெனவே வகுப்புப் பெயர்களுக்குப் போய்விட்டது. ஆம்-இல்லை மதிப்புக்கு இசட், ஏனென்றால் பி-யை பைட் எடுத்துக்கொண்டது. ரயிலில் ஜன்னல் சீட் போன பிறகு ஏறியவர்கள் கிடைத்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

ஜாவா படிக்கிற பிள்ளை முதல் நாள் எழுதும் வரியிலேயே ஓவர்லோடிங் இருக்கிறது. திரையில் ஒரு வரி காட்டும் பிரின்ட்லைன் ஒருவர் இல்லை, பத்துப் பேர். ஒன்றும் கொடுக்காமல் கூப்பிட்டால் வருபவர், ஆம்-இல்லைக்கு ஒருவர், தனி எழுத்துக்கு ஒருவர், முழு எண்ணுக்கு இரண்டு பேர், தசமத்துக்கு இரண்டு பேர், எழுத்து வரிசைக்கு ஒருவர், சொல்லுக்கு ஒருவர், கடைசியாக 'வேறு எது வந்தாலும் பரவாயில்லை' என்று நிற்கும் ஆப்ஜெக்ட்காரர். இருபது வருடமாக ஜாவா எழுதுபவர்களில்கூடப் பலர் இந்தப் பத்துப் பேரை எண்ணிப் பார்த்திருக்க மாட்டார்கள். எண்ண வேண்டிய தேவை வராததுதான் இதன் வெற்றி.

அவர்கள் வேலை செய்வதைக் கண்ணால் பார்க்க ஒரு வழி உண்டு. பிரின்ட்லைனிடம் ஒற்றை மேற்கோளில் 'அ' கொடுங்கள். திரையில் அ வரும். தனி எழுத்துக்காரர் வந்து போனார். இப்போது 'அ' + 1 என்று கொடுங்கள். ஆ வருமோ என்று ஆசையாக இருக்கும். வருவது 2950. கணினியில் ஒவ்வொரு எழுத்துக்கும் பின்னால் ஓர் எண் உண்டு. யூனிகோடில் அகரத்துக்கு 2949. எழுத்தோடு எண்ணைக் கூட்டியதும் ஜாவா இரண்டையும் முழு எண்ணாக எடுத்துக்கொண்டது. விடை முழு எண், அதனால் இந்த முறை வந்தவர் முழு எண்காரர். 2950 ஆகாரத்தின் எண்தான், ஆனால் அதை எழுத்தாகப் பார்க்க அவருக்குத் தெரியாது. (இந்தச் சோதனையை 'கி'யை வைத்துச் செய்ய முடியாது. நமக்கு அது ஓர் எழுத்து. யூனிகோடுக்குக் ககரமும் கொக்கியுமாக இரண்டு. ஒற்றை மேற்கோளுக்குள் அது அடங்காது, கம்பைலர் திட்டும்.)

அகரம் காணாமல் போன இடம் இப்போது தெரிந்திருக்கும். ஸ்டிரிங்பில்டரை உண்டாக்கும் வழிகளும் பல. சொல்லைக் கொடுத்து உண்டாக்கலாம். முழு எண்ணைக் கொடுத்தும் உண்டாக்கலாம். அந்த எண்ணுக்கு அர்த்தம், 'இத்தனை எழுத்து கொள்ளும் அளவுக்கு இடம் ஒதுக்கி வை' என்பது. தனி எழுத்தைக் கொடுத்து உண்டாக்கும் வழி மட்டும் இல்லை. எழுத்தோடு வந்தவரைக் கம்பைலர் வாசலில் திருப்பி அனுப்பியிருக்கலாம். ஆனால் எழுத்தை எண்ணாக மாற்றிக்கொள்ள ஜாவாவில் தடை இல்லையே. எனவே 'அ' 2949 ஆயிற்று. 2949 எழுத்துகள் கொள்ளும் ஒரு காலிப் பெட்டி உண்டாயிற்று. அதில் "ம்மா" போய் உட்கார்ந்தது. ஒற்றை மேற்கோளுக்குப் பதில் இரட்டை மேற்கோள் போட்டிருந்தால் அது சொல்லாகியிருக்கும், அம்மாவும் முழுசாக வந்திருப்பாள்.

கம்பைலர் ஆளைத் தேர்ந்தெடுக்கும் முறை கல்யாணத் தரகர் ஜாதகம் பார்ப்பதைவிடக் கறாரானது. ஜாவா மூன்று சுற்று வைத்திருக்கிறது. முதல் சுற்றில், கொடுத்தது அப்படியே பொருந்துகிறதா, அல்லது எழுத்து எண்ணாவது போன்ற இயல்பான மாற்றத்தில் பொருந்துகிறதா என்று பார்க்கும். யாரும் பொருந்தாவிட்டால்தான் இரண்டாம் சுற்று: வெறும் எண்ணை ஒரு பொட்டலத்தில் கட்டி ஆப்ஜெக்ட் ஆக்கினால் பொருந்துமா? அதிலும் இல்லாவிட்டால் மூன்றாவது, எத்தனை பேர் வந்தாலும் வாங்கிக்கொள்ளும் ரகம். ஒரு சுற்றில் ஒரே ஒருவர் தேறினாலும் அடுத்த சுற்று நடக்காது. ஒரே சுற்றில் பலர் தேறினால் அவர்களில் மிக நெருக்கமானவர் யார் என்று பார்க்கும். பொட்டலம் கட்டும் வசதி 2004-இல், ஜாவா 5-இல் வந்தது. அதற்கு முன் எழுதிய நிரல்கள் புது வசதியால் திடீரென்று வேறு ஆளைக் கூப்பிட்டுவிடக் கூடாது என்றுதான் அதை இரண்டாம் சுற்றுக்குத் தள்ளினார்கள்.

அந்த முன்ஜாக்கிரதையே ஒரு பள்ளத்தையும் வெட்டிவைத்தது. 1, 2, 3 என்ற எண்கள் உள்ள ஒரு பட்டியலிடம் 'ரிமூவ் 1' என்று சொல்லுங்கள். மிஞ்சுவது 2, 3 அல்ல; 1, 3. பட்டியலில் ரிமூவ் என்ற பெயரில் இரண்டு பேர் இருக்கிறார்கள். ஒருவர் இன்ன இடத்தில் இருப்பதை நீக்குபவர், இன்னொருவர் இன்ன பொருளை நீக்குபவர். வெறும் 1 வந்ததும் முதல் சுற்றிலேயே இடத்துக்காரர் கையைத் தூக்கிவிட்டார். ஜாவாவில் இடங்களைப் பூஜ்யத்திலிருந்து எண்ணுவதால் ஒன்றாம் இடத்தில் இருந்தது 2. அது போயிற்று. பொருள்காரர் இரண்டாம் சுற்றுக்காகக் காத்துக்கொண்டு நின்றதோடு சரி. ஒரே பெயரில் இருப்பவர்கள் ஒரே மாதிரியான வேலை செய்ய வேண்டும் என்று எந்தக் கம்பைலரும் கேட்பதில்லை. இடத்தால் நீக்குவதற்கும் பொருளால் நீக்குவதற்கும் ஒரே பெயர் வைத்தது, என்னைக் கேட்டால், சரியான தீர்மானமில்லை.

இனி அந்தச் சீட்டு சமாசாரம். அ, ம என்ற இரண்டு எழுத்துகளை ஓர் எழுத்து வரிசையில் வைத்து பிரின்ட்லைனிடம் கொடுத்தால் 'அம' என்று காட்டும். அதே வரிசையை, உள்ளே ஒன்றையும் தொடாமல், ஆப்ஜெக்ட் என்று சீட்டு ஒட்டிய பெயரில் வைத்துக் கொடுங்கள். இப்போது வருவது ஒரு சதுர அடைப்பு, ஒரு சி, ஒரு அட் குறி, அதன் பின்னால் எதற்கும் உதவாத ஓர் எண். பெட்டி அதேதான், சரக்கும் அதேதான். சீட்டு மாறியதால் ஆள் மாறிவிட்டார். ஓவர்லோடிங்கில் தீர்ப்பு எழுதப்படுவது நிரல் ஓடும் முன்பே, அப்போது பெட்டிக்குள் எதுவும் இல்லை. ஃபோர்ட்ரான் கம்பைலர் பெயரின் முதல் எழுத்தைப் பார்த்து முடிவு செய்தது போலவே, இதற்கும் பார்க்கக் கிடைப்பது மேலே எழுதியிருக்கும் வகை மட்டும்தான். நேர்முகத் தேர்வில் மாணவர்களைத் தடுமாற வைக்கும் ஓவர்ரைடிங் இதற்கு நேர்மாறு. அங்கே முடிவு ஓடும்போது, பெட்டியைத் திறந்து உள்ளே இருப்பவர் முகத்தைப் பார்த்த பிறகு.

சிலருக்கு இந்த வம்பே வேண்டாம். கோ மொழி ஒரே பெயரை இரண்டு பேருக்கு வைக்கவே விடாது. பைத்தானில் வைக்கலாம், ஆனால் இரண்டாவது எழுதியது முதலாவதைச் சத்தமில்லாமல் அழித்துவிடும். ஜூலியா என்ற மொழி எதிர்த்திசையில் போய், ஓடும் நேரத்தில் எல்லாப் பெட்டிகளையும் திறந்து பார்த்துவிட்டு ஆளைத் தேர்ந்தெடுக்கிறது.

மூன்று சுற்றும் பார்த்து, நெருக்கமும் பார்த்து, அப்படியும் இருவர் சமமாக நின்றால்? பிரின்ட்லைனிடம் நல் என்பதைக் கொடுத்தால் அதுதான் நடக்கும். நல் என்றால் ஜாவாவில் 'ஒன்றுமில்லை'. ஒன்றுமில்லாதது சொல்லாகவும் இருக்கலாம், எழுத்து வரிசையாகவும் இருக்கலாம். ஆப்ஜெக்ட்காரரைவிட இருவரும் நெருக்கம், ஆனால் அவர்களுக்குள் யார் நெருக்கம் என்று சொல்ல முடியாது. கம்பைலர் ஊகிக்காது. தெளிவில்லை என்று சொல்லி நின்றுவிடும்.

இந்த இடத்தைத் தொல்காப்பியம் முன்பே தொட்டிருக்கிறது. சொல்லதிகாரத்தின் முதல் இயலான கிளவியாக்கத்தில் பல பொருள் தரும் ஒரு சொல்லை இரண்டு வகையாகப் பிரிக்கிறார் தொல்காப்பியர்: வினையால் வேறுபடுவது, வேறுபடாதது. முதல் வகைக்கு வினையும் இனமும் சார்பும் பொருளைக் காட்டிக்கொடுத்துவிடும். மா பூத்தது என்றால் மரம். மா ஓடியது என்றால் விலங்கு. மா விழுந்தது என்றால்? மரமும் விழும், குதிரையும் விழும். இரண்டாம் வகைக்கு அவர் சொல்லும் வழி, எது என்பதைச் சொல்பவரே கிளந்து, அதாவது வெளிப்படையாக எடுத்து, சொல்லிவிட வேண்டும் என்பது.

நிரல் எழுதுபவர் செய்வதும் அதுவே. முனகிக்கொண்டே நல்லுக்கு முன்னால், அடைப்புக்குறிக்குள், ஸ்டிரிங் என்று சேர்க்கிறார். மாமரம் விழுந்தது என்று கிளந்து சொன்னாயிற்று. நிரல் ஓடுகிறது, திரையில் நல் என்ற ஆங்கிலச் சொல் நான்கு எழுத்தில் வந்து நிற்கிறது. அதே அடைப்புக்குறிக்குள் எழுத்து வரிசை என்று எழுதியிருந்தாலும் கம்பைலர் ஒப்புக்கொண்டிருக்கும். ஓடத் தொடங்கியதும் நிரல் விழுந்திருக்கும்.